டிரம் லூஸ்

எனக்கும் லாண்டரிக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் ஒன்றுதான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கம் என் கடையில் அடுக்கி வைத்த காகிதம் அசையும். லாண்டரி வந்த இந்தப் பதினோரு வருஷமாக அந்த வீட்டுச் சண்டை, சமாதானம், சாப்பாட்டு நேரம் எல்லாம் எனக்கு அத்துப்படி. ஒட்டுக்கேட்கிறவள் என்று என்னைச் சொல்லிவிடக் கூடாது. நான் பாட்டுக்கு நின்றுகொண்டிருப்பேன், சத்தம்தான் வந்து காதில் ஏறும். நகல் எடுக்கிற கடை என்பதால் தெருவில் எனக்கு ஜெராக்ஸ் அக்கா என்று பேர்.

லாண்டரியில் மூன்று பேர். கடையை நடத்துகிற தம்பியை எல்லாரும் லாண்டரி என்றே கூப்பிடுவோம். அப்புறம் அவன் பெண்டாட்டி, அவன் தங்கை. தங்கை நாள் முழுக்க "அண்ணி, அண்ணி" என்று கத்துவதைக் கேட்டுக் கேட்டு, தெருவே அந்தப் பெண்ணை அண்ணி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவளைவிடப் பத்து வயசு மூத்தவளான நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். தங்கைக்குக் குச்சி என்று பேர். ஆளும் குச்சி, பின் பாக்கெட்டில் எப்போதும் மேளம் அடிக்கிற இரண்டு குச்சிகள். வேன் ஓட்டுவது அவள் வேலை. ஹோட்டல்களிலிருந்து அழுக்கு மூட்டை எடுத்து வருவாள், வெளுத்ததைக் கொண்டுபோய்ப் போடுவாள். சிக்னலில் நின்றால் ஸ்டியரிங்கில் தாளம் போடுவாள். பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடித்தால் அதையும் தாளத்தில் சேர்த்துக்கொள்வாள்.

அண்ணி நீராவி பிரஸ்ஸில் நிற்பாள். மேசை விரிப்பைப் பலகையில் பரப்பி, மேல் தட்டை இழுத்து அமுக்கி, புஸ்ஸென்று ஆவி கிளம்பும்போது அவளுடைய இடது கால் தரையில் எதையோ மிதித்துக்கொண்டிருக்கும். கீபோர்டு வாசிக்கும்போது பெடல் மிதிக்கிற கால் அது. கல்யாணமாகி வந்த அன்றைக்கு அவள் கையில் ஒரு ஆள் நீளத்துக்குக் கறுப்புப் பை இருந்தது. உள்ளே என்ன என்று கேட்காமலேயே குச்சி அதைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். நாத்தனாரும் அண்ணியும் ஒரே வீட்டில் இருந்தால் என்னவெல்லாம் நடக்கப்போகிறது என்று தெருவே ஆவலாகக் காத்திருந்தது. நடந்தது என்னவோ புரோகிரெசிவ் ராக்.

"அது என்னடி அது?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"சாதா ராக்கு மூணு நிமிஷத்துல முடிஞ்சிரும்க்கா. இது முடியாது" என்றாள் குச்சி.

அதைவிடச் சரியாக அதை யாரும் சொல்லிவிட முடியாது. சுவருக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று வருஷம் கேட்டவள் சொல்கிறேன். பாட்டு கிளம்பும், போகும், முடிந்துவிட்டது என்று நான் பெருமூச்சு விடுவேன், அங்கிருந்து இன்னொரு பாட்டாகத் திரும்பி எங்கேயோ ஏறும். முதலில் எரிச்சலாக இருந்தது. அப்புறம் ஒரு நாள், அவர்கள் வாசிக்காத நாளில், எனக்கு ஏதோ குறைவது போல இருந்தது. அதை அவர்களிடம் சொல்லவில்லை, தலைக்கனம் ஏறிவிடும்.

இத்தனைக்கும் மூலம் அந்த வீட்டு மெஷின். பின்னறையில் ஆள் உயரத்துக்கு நிற்கும். உள்ளே சுற்றுகிற உருளைக்கு டிரம் என்று பேர். துணியைத் தூக்கிக் கீழே போடுவதற்கு டிரம்முக்குள் மூன்று தகடுகள் உண்டு. அதில் ஒன்று எப்போதோ வளைந்துவிட்டது. நேராக இருக்கிற இரண்டும் துணியை நேரத்துக்குப் போடும். வளைந்தது மட்டும் கொஞ்சம் வைத்திருந்து, யோசித்துப் போடும். தொப், தொப், அப்புறம் ஒரு இழுவையோடு தொப்பு.

"எண்ணிப் பாருங்கக்கா. ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு, ஒண்ணு ரெண்டு மூணு. மொத்தம் ஏழு. ஊரு ஒலகமே நாலு நாலா எண்ணுது, எங்க மெஷினு மட்டும் ஏழு எண்ணுது" என்று குச்சி என்னை இழுத்துக்கொண்டு போய் அதன் முன்னால் நிறுத்தியிருக்கிறாள். பெற்ற பிள்ளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பெருமை அவள் முகத்தில்.

ஒரே வீட்டில் இரண்டு டிரம் இருந்தால் குழப்பம் வரும் அல்லவா? அதனால் ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். டிரம் என்றால் மெஷினில் இருப்பது. குச்சி வாசிக்கிற மேளங்களுக்கு 'செட்' என்று பேர். பதினோரு வருஷத்தில் அந்த ஏற்பாடு தவறியது ஒரே ஒரு தடவை.

அவர்களுடைய முதல் ஆல்பத்தில் மொத்தம் நாலு பாட்டு. மூன்று முடிந்துவிட்டது. மிச்சம் இருந்தது இருபத்திரண்டு நிமிஷப் பாட்டு. அதற்கு இரண்டு பேர் போதாது என்று விருந்தாளிகளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஒருவர் ட்ரம்பெட் வாசிக்கிற பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயையே பார்த்துக் கிடக்கிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தன் வாயைக் கவனிப்பார். இன்னொருத்தி எங்கள் தெருவுக்குத் தபால் போடுகிற அம்மா. இருபது வருஷம் என் கையில் கடிதம் கொடுத்தவள், வீட்டில் பெரிய வயலின் மாதிரி, தன் உயரத்துக்கு ஒரு செல்லோ வைத்து வாசிக்கிறாள் என்பது எனக்கே போன மாசம்தான் தெரியும். அவள் வேலையை விட்டாயிற்று. திங்கட்கிழமை விமானத்தில் மகள் இருக்கிற ஊருக்குப் போய்விடுவாள், திரும்பி வரப்போவதில்லை. ஆக, இருக்கிறது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாரம் முழுக்க மழை. வெளியே ஒரு துண்டுகூடக் காயப்போட முடியவில்லை. உலர்த்துகிற அறையில் கொடி கொடியாக ஹோட்டல் விரிப்புகள் தொங்கின. வீடே ஈரச் சோப்பு வாசம். வியாழக்கிழமை மத்தியானம் லாண்டரித் தம்பி குடையைக்கூட மடக்காமல் என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். கையில் ரொட்டி, நடுவில் அவித்த முட்டை. ஒரு கடி கடித்துவிட்டு அப்படியே வைத்திருந்தான்.

"அக்கா, நான் தாளம் தெரியாத ஆளா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அதான் கஷ்டம். சொன்னாலாவது சண்ட போடலாம்."

"அப்புறம் என்னப்பா?"

"சாப்பிட உக்காந்தா ரெண்டு பேரும் நம்பர்லயே பேசிக்கிறாங்கக்கா. 'அண்ணி, பதினாலுல நீங்க எறங்குங்க, நான் இருவத்தொண்ணுல வர்றேன்'னு இவ சொல்றா. 'வேணாம்டி, ஏழுல ஒரு மூச்சு விட்டுட்டு வா'ன்னு அவ சொல்றா. நடுவுல நான் உப்பு கேட்டேன். 'எத்தனாவதுல?'ன்னு கேக்குறா என் பொண்டாட்டி."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க. டாக்டர் வர்றாரு, தபால்காரம்மா வருது. எல்லாரும் வாசிக்கப் போறாங்க. என் வீடு அது. அன்னிக்கு நான் ஒருத்தன் மட்டும் கைய எங்க வச்சுக்கறதுன்னு தெரியாம நிக்கணும்."

"டீ போட்டுக் குடேன்."

"கேட்டுப் பாத்துட்டேன். ஜெராக்ஸ் அக்கா போடறேன்னு சொல்லியிருக்காங்கன்னுட்டா."

உண்மைதான், சொல்லியிருந்தேன். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

"ஏதாவது ஒண்ணு செய்யணும்க்கா. சின்னதா இருந்தாலும் பரவால்ல. 'இவரு இல்லன்னா இது நடந்திருக்காது'ன்னு அந்த ரெண்டு பேரும் ஒரே ஒரு தடவ சொல்லணும். அவ்வளவுதான் ஆச" என்று சொல்லிவிட்டு மீதி ரொட்டியை ஒரே வாயில் போட்டுக்கொண்டான். பேச்சை முடித்துவிட்டான் என்று அர்த்தம்.

சனிக்கிழமை சாயங்காலம். அண்ணியும் குச்சியும் மைக் இரவல் வாங்க வேனில் போயிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "அக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று குரல். போனேன். மெஷின் பக்கத்தில் வேலைகளை எழுதி வைக்கிற கரும்பலகை முன்னால் தம்பி நின்றுகொண்டிருந்தான். பலகையில் குச்சியின் கோணல் எழுத்து: 'டிரம் லூஸ். ஞாயிறுக்குள் டைட் பண்ணணும். மறந்தா செத்தோம்.'

"பாத்தீங்களா? எனக்குத்தான் எழுதி வச்சிருக்கா. வாய்விட்டுக் கேக்க வெக்கம் போல" என்றான். முகம் அப்படியே மலர்ந்து கிடந்தது.

அந்த மெஷினின் ஏழு மேல் குச்சிக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. தொழில் தோஷம். நகல் எடுக்கிறவளுக்குக் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் உண்மை. எழுத்து குச்சியுடையது, சொல் டிரம். அப்புறம் நான் யார் கேள்வி கேட்க? பேசாமல் டார்ச்சைப் பிடித்தேன்.

தம்பி மெஷினுக்குள் இடுப்பு வரைக்கும் நுழைந்துவிட்டான். ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினான். கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தான். வளைந்த தகட்டைக் கழற்றிப் பார்த்தான். அது நிமிர்கிற ஜாதி இல்லை. எட்டு மாசத்துக்கு முன்னால் வாங்கி, "இருக்கட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று அண்ணி தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த புதுத் தகடு அலமாரி மேல் இருந்தது. அதை மாட்டினான். பழையதை, "தூக்கிப் போடு தம்பி, காலைக் கீலைக் கிழிச்சிரும்" என்று சொன்னவள் நான்தான். தெருவில் போன பழைய இரும்பு வண்டியைக் கைதட்டிக் கூப்பிட்டதும் நான்தான். இதை இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டுப் பளிச்சென்று வெயில். தபால்காரம்மா செல்லோவை முதுகில் போட்டுக்கொண்டு நடந்தே வந்தாள், கடைசித் தபால் சுற்று போல. டாக்டர் வெள்ளைச் சட்டையில் வந்து, பார்க்கிறவர்கள் பல்லையெல்லாம் பழக்கதோஷத்தில் ஒரு பார்வை பார்த்தார். நான் டீயோடு நின்றேன். மெஷின் முன்னால் ஒரு மைக்கை வைத்தாள் அண்ணி.

"அது எதுக்கு அங்க?" என்றான் தம்பி.

"பாட்டு இதுலதான் ஆரம்பிக்குது. மொதல் ரெண்டு நிமிஷம் மெஷினு மட்டும்தான். உங்களுக்குத் தெரியாதா? ஞாயித்துக்கிழம மெஷின் ஓடணும்னு சொன்னேனே" என்றாள் அண்ணி.

"ஹோட்டல் துணிக்காகன்னு நெனச்சேன்" என்றான் அவன்.

குச்சி சுவிட்சைப் போட்டாள்.

தொப், தொப், தொப். தொப், தொப், தொப். ஒரு தள்ளாட்டம் இல்லை, ஓர் இழுவை இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நடப்பது போல ஒழுங்காகச் சுற்றியது. குச்சி மெஷினைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள், மறுபடி மெஷினைப் பார்த்தாள்.

"ஆறு" என்றாள். "அண்ணி, ஆறு எண்ணுது."

"சத்தமே இல்ல பாத்தியா?" என்றான் தம்பி. இன்னும் அவனுக்குப் பிடிபடவில்லை. "நேத்து மூணு மணி நேரம். டிரம்ம டைட் பண்ணி, புதுத் தகடு போட்டு..."

"உன்ன யாருண்ணா கேட்டா?" என்று குச்சி கத்திய கத்தலில் டாக்டர் கையிலிருந்த டீ தளும்பியது.

"நீதானடி எழுதி வச்சிருந்த! டிரம் லூஸ், டைட் பண்ணணும்னு!"

"அது என் டிரம்! செட்டுல பெரிய டிரம்மோட கால் லூஸா இருந்துச்சு. மறந்துருவேன்னு எனக்கு நானே எழுதி வச்சுக்கிட்டேன்."

"செட்டுன்னா செட்டுன்னு எழுத வேண்டியதுதான? டிரம்னா மெஷின்னு பதினோரு வருஷமா யாரு சொன்னது?"

நியாயம் அவன் பக்கம் இருந்தது. அதுவே குச்சிக்கு இன்னும் ஆத்திரமாகப் போய்விட்டது. "எங்க விஷயத்துல நீ ஏன் கைய வைக்கிற? மூணு வருஷம்ணா! மூணு வருஷம்!" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

போனில் பதிவு செய்தது ஏதாவது இருக்காதா என்று கேட்டாள் தபால்காரம்மா. இருந்தது, ஒன்பது இருந்தது. ஒன்பதிலும் நடுவில் "குச்சி, மூட்டை வந்துருச்சு!" என்று தம்பியின் குரல் கணீரென்று கேட்டது. எண்ணிக்கொண்டே வாசிப்போமே என்றார் டாக்டர். வாசித்துப் பார்த்தார்கள். ஏழு சரியாக வந்தது, பாட்டுதான் வரவில்லை. வளைந்த தகடு மூன்று எண்ணி நிற்கவில்லை, மூன்றும் ஒரு துளியும் எண்ணியிருக்கிறது. அந்தத் துளியில்தான் இத்தனை நாளும் பாட்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தது. சாய்மானம் போனதும் எல்லாருடைய வாசிப்பும் விறைத்துக்கொண்டு நின்றது.

தம்பி சும்மா இருக்கவில்லை. புதுத் தகட்டைச் சுத்தியலால் அடித்தான், கைதான் வலித்தது. ஈரக் கம்பளத்தை ஒரு பக்கமாகத் திணித்து ஓட்டினான், மெஷின் ஆறே எண்ணியது. இரும்பு வண்டிக்காரனைத் தேடி நாலு தெரு ஓடிவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தான். கடைசியில், "மூணு மணிக்கு ஹோட்டலுக்குத் துணி குடுக்கணும்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உலர்த்துகிற அறைக்குள் போய்விட்டான். அந்த முகத்தை நான் வாழ்நாளில் மறக்க மாட்டேன். ஒரு தடவை பாராட்டு வாங்க ஆசைப்பட்டவன் முகம் அது.

அண்ணி எழுந்தாள். "சாப்பிடாம வேல செய்வாரு. கூப்பிட்டு வர்றேன்" என்று போனாள். போனவள் அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளேயும் போகவில்லை, திரும்பியும் வரவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை நீட்டி எங்களை வரச்சொல்லி விரலை ஆட்டினாள்.

பெரிய கட்டில் விரிப்பை மடிக்க இரண்டு ஆள் வேண்டும். எப்போதும் குச்சி ஒரு முனையைப் பிடிப்பாள். இன்றைக்கு அவளைக் கூப்பிட வாய் வராமல், ஒரு முனையைச் சுவர்க் கொக்கியில் மாட்டிவிட்டுத் தனியாக மடித்துக்கொண்டிருந்தான். உதறினான், படார். மறுபடி உதறினான், படார். மூன்றாவது உதறலைத் தன் பக்கம் இழுத்து, மேசை மேல் போட்டு, உள்ளங்கையால் அறைந்து தடவினான். படார், படார், அப்புறம் இழுத்து ஒரு பட்டார். அவன் கண் எங்கேயோ இருந்தது, கை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

குச்சியின் விரல்கள் தொடையில் தாளம் போட்டன. "ஏழு" என்று உதட்டை மட்டும் அசைத்தாள். அண்ணி தலையை ஆட்டினாள். "அந்தத் துளியும் இருக்குடி" என்று கிசுகிசுத்தாள். அவள் கண் நிறைந்துவிட்டது. பதினோரு வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்று வேலை செய்தவன் கைக்குள் அது எப்போது குடியேறியது என்று யாருக்கும் தெரியாது, அவனுக்குச் சுத்தமாகத் தெரியாது.

குச்சிக்குத்தான் வாய் நிற்காதே. "அண்ணா! நீ ஏழு போடறண்ணா!" என்று உள்ளே பாய்ந்தாள்.

"என்னது?" என்று திடுக்கிட்டுத் திரும்பினான்.

"நிறுத்தாத! மடி! மறுபடி மடி!"

மடித்தான். ஐந்து பேர் முறைத்துப் பார்க்க ஒருத்தன் எப்படி மடிப்பான்? ஆறு வந்தது. அடுத்து எட்டு வந்தது. அதற்கடுத்து விரிப்பு கொக்கியிலிருந்து கழன்று அவன் தலையில் விழுந்தது. "எனக்கு எண்ண வராதும்மா. என்ன விட்டுருங்க" என்று விரிப்புக்குள்ளிருந்து கெஞ்சினான்.

அண்ணி குச்சியின் கையைக் கிள்ளினாள். "சரி விடுங்க. வாங்க, மொதல்ல சாப்பிடலாம்" என்றாள். எல்லாரும் சூப் குடித்தோம். அவள் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தபால்காரம்மாவிடம் விமானத்தில் செல்லோவை எப்படிக் கொண்டுபோவாய் என்று விசாரித்தாள். அதற்கும் தனி சீட்டு வாங்கியிருக்கிறாளாம், ஜன்னல் பக்கம். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். தம்பியும் கொஞ்சம் சிரித்தான்.

கிண்ணத்தைக் கழுவும்போது அண்ணி சாதாரணமாகச் சொன்னாள்: "மெஷின் இல்லாமலே வாசிச்சிடலாம்னு இருக்கோம். துணி தொங்கற ரூம்ல எதிரொலி இருக்காது. செட்ட அங்க போட்டுக்கறோம்."

"அப்ப நான் வெளிய போயிடட்டுமா?"

"எதுக்கு? மூணு மணிக்குத் துணி போகணும்ல. நீங்க ஒங்க வேலையப் பாருங்க, நாங்க எங்க வேலையப் பாக்கறோம்."

"மடிக்கிற சத்தம் வருமே?"

"வந்தா வந்துட்டுப் போகுது."

தொங்குகிற விரிப்புகளுக்கு நடுவில் செட்டும் கீபோர்டும் செல்லோவும் இடம் பிடித்தன. டாக்டரை ஜன்னலோரம் நிறுத்தினார்கள். மைக்கை மடிக்கிற மேசைக்குப் பக்கத்தில் ஒரு தலையணை உறைக் குவியலுக்குள் அண்ணி ஒளித்து வைத்தாள். பதிவை ஓடவிட்டுவிட்டு எல்லாரும் எதையோ திருகிக்கொண்டு, சரிபார்ப்பது போல நடித்துக்கொண்டு இருந்தார்கள். தம்பி முதல் விரிப்பைக் கொக்கியில் மாட்டினான். முதல் நிமிஷம் கை தடுமாறியது. அப்புறம் ஒரு விரிப்பில் மஞ்சள் கறை கண்ணில் பட, "சாஸ கொட்டியிருக்கானுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே எங்களை மறந்துவிட்டான். படார், படார், பட்டார்.

அண்ணி கீபோர்டில் ஒரு விரலை வைத்தாள்.

பாட்டைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன். அண்ணியின் விரல் அவன் உதறலுக்கு நடுவில் நுழைந்து, இடித்துக்கொள்ளாமல் வெளியே வந்தது. குச்சி வந்து சேர்ந்தபோது தரை அதிர்ந்து என் கால் வழியாக ஏறியது. தபால்காரம்மா வில்லை இழுத்தாள். இருபது வருஷம் நாய்களுக்குப் பயந்து எங்கள் தெருவில் நடந்தவளா இவள் என்று தோன்றியது. தம்பி ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். எல்லாரும் அவன் கையைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்று அப்போது அவனுக்குப் புரிந்துவிட்டது. நிறுத்திவிடுவானோ என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. காது நுனிவரை சிவந்துபோய், குனிந்து, அடுத்த விரிப்பை மாட்டினான்.

பத்தாவது நிமிஷத்தில்தான் நான் கவனித்தேன். விரிப்பு தீரப் போகிறது. பாட்டு பாதிகூடத் தாண்டவில்லை, கூடையில் ஏழோ எட்டோதான் மிச்சம். அண்ணியும் பார்த்துவிட்டாள், கை கீபோர்டில், கண் கூடையில். என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை போலப் போனேன். அவன் மடித்து அடுக்கியதை அந்தப் பக்கமிருந்து எடுத்தேன், சத்தம் வராமல் பிரித்தேன், கசக்கினேன், கூடையில் போட்டேன். அவன் மடிக்க மடிக்க நான் பிரித்தேன். நகல் எடுப்பதுதானே என் தொழில், இருக்கிற நாற்பது விரிப்பை எண்பது ஆக்கினேன். டாக்டர் ட்ரம்பெட்டை எடுத்து ஊதியபோது ஜன்னல் கண்ணாடி பாடியது, நான் முழங்காலில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தேன்.

சாஸ் கறை விரிப்பு இரண்டாம் தடவை அவன் கைக்கு வந்தது. பார்த்தான். மூன்றாம் தடவையும் வந்தது. கறையைப் பார்த்தான், கூடைக்குப் பின்னால் பதுங்கியிருந்த என்னைப் பார்த்தான், கண் இரண்டும் விரிந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். சிரிப்பை அடக்கி அடக்கி உதடு கோணிக்கொண்டது, கை மட்டும் ஏழை விடவில்லை.

எல்லாரும் ஒன்றாக ஓர் உச்சிக்கு ஏறி, ஒவ்வொருவராக இறங்கினார்கள். ட்ரம்பெட் நின்றது, செல்லோ நின்றது, குச்சி நிறுத்தினாள், அண்ணி விரலை எடுத்தாள். கடைசியில் அவன் மட்டும். படார், படார், பட்டார். அண்ணி அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். விரிப்பைத் தூக்கிய நிலையில் அப்படியே நின்றான்.

"இதக் கீழ வைக்கலாமா?" என்று மெதுவாகக் கேட்டான்.

அதுவும் ஆல்பத்தில் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எவ்வளவோ கெஞ்சினான், அவர்கள் எடுக்கவில்லை. குச்சி செட்டைத் தாண்டி ஓடிவந்து அண்ணன் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். டாக்டர் என்னைக் கட்டிக்கொண்டார், யார் என்று பார்க்காமல். அப்புறம் ஆறு பேரும் சேர்ந்து, நான் கசக்கி வைத்ததையெல்லாம் முதலிலிருந்து மடித்தோம். ஹோட்டலுக்கு ஒரு மணி நேரம் தாமதம். சாஸ் கறையும் அப்படியே போனது.

மூன்று வாரம் கழித்து ஆல்பத்தின் உள் தாள் நகலெடுக்க என் கடைக்கு வந்தது. நூறு வேண்டும் என்று அண்ணி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். என் நகல் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது தம்பி வந்தான், கையில் ஏதோ கடை உரிமத் தாள். அதற்கு நகல் எடுக்க ஒரு அவசியமும் இல்லை, போன வாரம்தான் எடுத்தான். ஓரக்கண்ணால் உள் தாளைப் பார்த்தான்.

"பாக்கலாமாக்கா?"

ஒன்றைக் கொடுத்தேன். நேராகக் கீழே போனது அவன் கண். 'விருந்தினர் கலைஞர்கள்' என்று போட்டு இரண்டு பேர். செல்லோ, தபால்காரம்மாவின் பேர். ட்ரம்பெட், டாக்டரின் பேர். அவ்வளவுதான். அவன் விரலை வைத்துப் பார்த்தான். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான், அது வெள்ளை. எனக்குச் சொல்லிவிடலாம் போல நாக்கு துடித்தது, சொல்லக் கூடாது என்று அண்ணியும் குச்சியும் சத்தியம் வாங்கியிருந்தார்கள்.

"நல்லா வந்திருக்குக்கா. எழுத்து பளிச்சுனு இருக்கு" என்று தாளை மடிப்பு விழாமல் திருப்பிக் கொடுத்தான்.

வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். பிரஸ்ஸிலிருந்து நேரே வந்திருக்கிறாள், முகமெல்லாம் வேர்வை. அவள் தோளுக்கு மேலே குச்சியின் தலை.

"எங்க தேடறீங்க?" என்றாள் அண்ணி.

"எதையும் தேடலியே."

"கீழ தேடினா எப்படிக் கெடைக்கும்? மேல பாருங்க."

மேலே, ஆல்பத்தின் பேருக்கு நேர் கீழே, வாசித்தவர்கள் என்று மூன்று வரி. கீபோர்டு, பாட்டு என்று அண்ணியின் பேர். மேளம் என்று குச்சியின் பேர். மூன்றாவது வரியில் 'கட்டில் விரிப்பு' என்று போட்டு, அவன் அப்பா வைத்த முழுப் பேர். அந்தப் பேரை நானே அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவன் அதைப் படித்துவிட்டுத் திருதிருவென்று விழித்தான். "நான் என்ன, ஒரு நாள் மடிச்சேன். விருந்தாளிங்களோட கீழ போட்டிருந்தாலே..."

"விருந்தாளின்னா வந்துட்டுப் போறவங்க" என்றாள் அண்ணி. "நீங்க எங்க போகப் போறீங்க?"

அவன் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, 'அடையாள அட்டைக்கு இரண்டு பக்கமும் நகல் எடுக்கவும்' என்று நான் சுவரில் ஒட்டியிருந்ததை ரொம்ப நேரம் படித்தான். அப்புறம் திரும்பாமலேயே, "நூறு பத்தாதுக்கா, இன்னொரு அம்பது போடுங்க" என்றான்.